எஞ்சினுக்கும் பல் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காயலான் கடைச் சாமான்களை வைத்து நாலு சக்கர வண்டி செய்த மாணவர், பழைய பைக் எஞ்சினில் குட்டி ஜீப் செய்த மெக்கானிக் என்று டெல்டா மாவட்டப் பக்கங்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. பாராட்ட வேண்டிய கைவேலைதான். ஆனால் அந்தச் செய்திகளில் இரண்டே எண்கள்தான் இருக்கும்: எத்தனை சிசி, எத்தனை கிலோமீட்டர் வேகம். வயலோரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இவை இரண்டும் கடைசியில் கேட்க வேண்டியவை. அதைப் படித்துவிட்டு அடுத்த பையன் 220 சிசி எஞ்சினைத் தேடி அலைகிறான். வண்டி முடிந்து முதல் கரையில் ஏறும்போதே கிளட்ச் கருகுகிறது. மாடு வாங்கப் போனால் தோலின் நிறத்தைப் பார்த்துக் காசு கொடுப்பவர் இந்தப் பக்கம் யாரும் இல்லை. பல்லைப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். எஞ்சினுக்கும் பார்க்க வேண்டியது பல்தான். கியர்ப் பல், ஸ்பிராக்கெட் (செயின் மாட்டும் சக்கரம்) பல்.

ரோடு இல்லாத இடத்தில் ஓட்ட, குழாய்க் கூண்டு கட்டிச் செய்கிற லேசான வண்டியைத்தான் பக்கி என்கிறோம். (வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவதற்கும் இதே சொல்தான். வேறு பெயர் வாய்க்கவில்லை.)

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்தே பார்ப்போம். வண்டி 400 கிலோ, இரண்டு ஆள் 140 கிலோ, ஆக 540 கிலோ. மூன்றடி தள்ளிப் போனால் ஓரடி உயரும் வாய்க்கால் கரையில் இது ஏற வேண்டும். எடையை மேலே தூக்க மட்டும் 170 கிலோ இழுப்பு வேண்டும். காய்ந்த மண் டயரைப் பிடித்து இழுப்பது 30 கிலோ. மொத்தம் 200 கிலோ. இப்போது ஒரு 150 சிசி பைக் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முறுக்கு விசை சுமார் 13 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் எஞ்சினிலிருந்து சக்கரம் வரை மொத்த ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று வர எஞ்சின் சுற்ற வேண்டிய சுற்று) 28 என்று வைப்போம், பைக்கில் ஏறத்தாழ அப்படித்தான் வரும். வழியில் 15 சதவீதம் உராய்வில் போகும். 22 அங்குல டயருக்கு ஆரம் 28 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் தரையில் கிடைக்கும் இழுப்பு 110 கிலோ சொச்சம். 200 வேண்டிய இடத்தில் 110. வண்டி ஏறாது. ஓட்டுபவர் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்குவார். பைக்கின் கிளட்ச் பிளேட் ஆயிலில் ஊறியபடி வேலை செய்வது. ஆறேழு தடவை இப்படிச் செய்தால் பிளேட் கருகி, வடிக்கும் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வரும்.

அதே எஞ்சினில் ரேஷியோவை 60 ஆக்குங்கள். கூடுதலாக ஒரு செயின் வருவதால் உராய்வு சற்றுக் கூடினாலும் இழுப்பு 230 கிலோவைத் தாண்டும். கரை ஏறும், கிளட்சும் தப்பும். எஞ்சின் 4000 சுற்றில் இருக்கும்போது வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர், ஆள் வேகமாக நடக்கிற வேகம்தான். ஐந்தாவது கியரில் 8000 சுற்று வரை முறுக்கினாலும் 42 கிலோமீட்டரைத் தாண்டாது. வயலோர வண்டிக்கு அதற்கு மேல் எதற்கு?

ரேஷியோ தெரியாத எஞ்சின் என்றால் கையாலேயே எண்ணிவிடலாம். பிளக்கைக் கழற்றி, முதல் கியரில் போட்டு, வெளி ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் வையுங்கள். மேக்னட்டோ (பைக்கில் மின்சாரம் தரும் பாகம்) பக்க நட்டில் சாக்கெட் போட்டு, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கைத் திருப்பி, ஸ்பிராக்கெட் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் கிராங்க் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். 150 சிசி வகைகளில் பத்துக்குப் பக்கத்தில் வரும். அதைப் பின்பக்க ஸ்பிராக்கெட் பல்லை முன்பக்கப் பல்லால் வகுத்த எண்ணால் பெருக்கினால் மொத்த ரேஷியோ. 15 பல்லுக்கு 42 பல் என்றால் 2.8, பத்தால் பெருக்க 28.

இதை 60 ஆக்க, பின்னால் 90 பல் ஸ்பிராக்கெட் போட முடியாது, தரையில் தட்டும். நடுவில் ஒரு ஷாப்ட் (சுழல் தண்டு) வைக்க வேண்டும். எஞ்சினில் 14 பல், நடு ஷாப்டில் 28. அதே ஷாப்டின் மறுமுனையில் 14, பின் ஆக்சிலில் 42. இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறு. நடு ஷாப்டுக்கு 25 மில்லி இஎன்8 எஃகு ராடும் யுசிபி 205 பிளம்மர் பிளாக் (பேரிங் உள்ள தாங்கி) இரண்டும், பின் ஆக்சிலுக்கு 30 மில்லி ராடும் யுசிபி 206ம் பொருந்தும். இந்த இரண்டு ராடுக்கும், ஸ்பிராக்கெட் வழுக்காமல் செருகும் சாவிக்கட்டை 8 மில்லி அகலம். முதல் செயினுக்கு 428 அளவு போதும். கடைசிச் செயினில் கரை ஏறும்போது 600 கிலோ அளவு இழுப்பு விழும், அங்கே 520 செயின் போடுங்கள். எல்லாவற்றுக்கும் 428 போட்டு, மூன்றாம் மாதம் பல் கொக்கி மாதிரி தேய்ந்த பிறகு செயின் கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை.

இழுப்பு இருந்தால் மட்டும் போதாது, பிடிமானமும் வேண்டும். 540 கிலோவில் பின் சக்கரங்கள் மேல் 60 சதவீதம், அதாவது 324 கிலோ, விழுகிறது என்று கொள்வோம். காய்ந்த மண்ணில் அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் பிடிமானம்: 195 கிலோ. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் இன்னும் கொஞ்சம் கூடும். ஐப்பசி மழையில் நனைந்த களிமண்ணில் அது 30 சதவீதத்துக்கு இறங்கினால் 97 கிலோ. அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் சுற்றிக் குழிதான் தோண்டும். 200 சிசியும் 800 சிசியும் அங்கே ஒன்றுதான். சேற்றுழவு முடிந்த வயலில் இரு சக்கர இழுவையில் ஓடும் பக்கி போகவே போகாது. டிராக்டருக்கே கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுகிற மண் இது. இதை ஒப்புக்கொண்டு விட்டால் எஞ்சின் தேர்வு பாதி எளிதாகிவிடும். குதிரைத் திறனைத் துரத்த வேண்டியதில்லை. மெதுவாக இழுக்கும் கியர், ரிவர்ஸ், சூடு தாங்கும் குளிர்ச்சி ஏற்பாடு, இந்த மூன்றும் எந்த எஞ்சினில் சேர்ந்து கிடைக்கிறதோ அதுதான் இந்த மண்ணுக்கான எஞ்சின்.

பைக் எஞ்சினில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கையோடு வருவதில்லை. கியரை நடு ஷாப்ட் வைத்துச் சமாளிக்கலாம். ரிவர்ஸ் இல்லாததை வாய்க்கால் கரையில் போய் நின்ற பிறகுதான் உணர்வார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், எதிரே டிராக்டர் என்றால் 400 கிலோ வண்டியை இறங்கித் தள்ள வேண்டியதுதான். தனியாக ரிவர்ஸ் கியர் பெட்டி வாங்கி இடையில் பொருத்தலாம். ஆனால் அந்த விலையையும் லேத் கூலியையும் சேர்த்தால் ஆட்டோ எஞ்சினே வாங்கியிருக்கலாம். சூடு அடுத்த தொல்லை. பைக் எஞ்சினின் துடுப்புகளுக்கு ஓடும் காற்றுதான் குளிர்ச்சி. அதை சீட்டுக்குப் பின்னால், தடுப்புத் தகடுக்கு மறைவில் வைத்து, சித்திரை வெயிலில் 7 கிலோமீட்டர் வேகத்தில் முறுக்கினால் காற்று எங்கிருந்து வரும்? 12 வோல்ட் விசிறி ஒன்று வைக்கிறார்கள். அது 7 ஆம்பியர் இழுத்தால் 84 வாட். சின்ன பைக்கின் மேக்னட்டோ கொடுப்பதே அந்த அளவுக்குச் சற்று மேலேதான். ஹெட்லைட்டையும் போட்டால் பேட்டரி இறங்கிவிடும். விசிறி நின்றதைப் பின்னால் யாரும் கவனிக்க மாட்டார்கள். புல்லிங் குறையும், பிளக் அருகே டிக் டிக் என்று தட்டும், பிறகு பிஸ்டன் பிடித்து எஞ்சின் சீஸ் ஆகும். இன்னொரு சின்ன விஷயம், அடிக்கடி நடப்பது: பைக் எஞ்சினில் கார் ஆயில் ஊற்றுவது. அதில் சேர்க்கும் வழுவழுப்பு மருந்து கிளட்சை நழுவ வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருப்பதைத்தான் ஊற்ற வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகான பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன்தான். எஞ்சினை மட்டும் கழற்றி வந்தால் அது வெறும் இரும்பு. வயரிங் முழுவதும், இசியூ (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி), ஆக்சிஜன் சென்சார், வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார், பெட்ரோல் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். அந்தச் சாய்வு சென்சாரைப் பைக்கில் இருந்த அதே நிலையில் பொருத்தாவிட்டால், சாவி போட்டாலும் எஞ்சின் எழாது.

ஒரு ஆள், லேசான வண்டி, காய்ந்த தோப்பு என்றால் பைக் எஞ்சின் போதும். இரண்டு ஆளுக்கு மேல் வேண்டாம்.

ஆட்டோவின் பின்பகுதியைத்தான் இந்த வேலைக்கு முதலில் பார்க்க வேண்டும். பஜாஜ் ஆர்இ வகையில் எஞ்சின், கியர், டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்), ரிவர்ஸ் எல்லாம் ஒரே கட்டியாகப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று கிளம்புவதற்கென்றே செய்தது, எனவே முதல் கியர் நல்ல இழுவை. குளிர்ச்சிக்கு எஞ்சினோடு சுற்றும் விசிறியும் அதன் காற்றைச் சிலிண்டர் மேல் திருப்பும் தகரக் கூடும் கூடவே வரும். வண்டி நின்றாலும் காற்று நிற்காது. அந்தக் கூட்டை இடைஞ்சல் என்று கழற்றி எறிகிறவர்கள் உண்டு. விசிறி அப்புறம் சும்மா சுற்றும். காற்று சிலிண்டர் பக்கமே போகாது.

எஞ்சினை மட்டும் வாங்காமல், பின் சக்கரக் கைகள், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஆக்சில் தண்டுகள், ஹப், டிரம் பிரேக் வரை மொத்தமாக வாங்குங்கள். சட்டத்தில் அந்தக் கைகள் மாட்டியிருந்த புள்ளிகளை, வெட்டுவதற்கு முன்பே டேப் வைத்து அளந்து, ஒட்டுப்பலகையில் ஆணி அடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் 5 மில்லி வித்தியாசம் வந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்தே போகும். பழைய ஸ்கூட்டர் மாதிரி இதில் கியர் கைப்பிடியைத் திருகி மாற்றுவது. இரண்டு கேபிள், ஒன்று இழுக்க மற்றொன்று தளரும். பக்கியில் அதைப் பக்கவாட்டு லீவராக மாற்ற, ஒரு சின்னச் சக்கரத்தில் இரண்டு கேபிளையும் எதிரெதிராக முடிந்து, அந்தச் சக்கரத்தை லீவரோடு வெல்ட் வைத்தால் போதும். கேபிள் மடங்கும் இடத்தில் ஒரு சாண் ஆரத்துக்குக் குறையக்கூடாது. குறைத்தால் கியர் விழும், ஆனால் நியூட்ரல் பிடிபடாது.

குறை இல்லாமல் இல்லை. ஆட்டோவின் மொத்த அகலமே 1.3 மீட்டர், எனவே சீட்டைத் தாழ்வாக வைக்காவிட்டால் வரப்பு ஓரத்தில் கவிழும். டயர் 4.00-8, விட்டம் 42 சென்டிமீட்டர் சுமார். தரை இடைவெளி போதாது என்று 22 அங்குல டயருக்குப் போனால் இழுவையில் கால் பங்கு போய்விடும். ஒரு சுற்று பெரிய டயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழைய டூ ஸ்ட்ரோக்கை விட்டு ஃபோர் ஸ்ட்ரோக்கையே தேடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கலவை கொஞ்சம் குறைந்தாலும் இந்த வெயிலில் மெதுவாக இழுக்கும்போது பிடித்துக்கொள்ளும். எல்பிஜியில் ஓடிய எஞ்சினாக இருந்தால் வால்வு இருக்கையைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு பேர், பின்னால் மருந்து தெளிப்பானும் நாலு மூட்டையும் என்று வேலைக்கும் வண்டி வேண்டுமானால் மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி; டெல்டாவில் பாகம் கிடைக்காத ஊர் இல்லை, கை வைக்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வகையில் 59 நியூட்டன் மீட்டர் முறுக்கு 2500 சுற்றிலேயே கிடைக்கும். முதல் கியரின் மொத்த ரேஷியோ 15 சொச்சம்தான், இருந்தாலும் அதே 22 அங்குல டயரில் 270 கிலோவுக்கு மேல் இழுப்பு வருகிறது, எதையும் மாற்றாமலே. தண்ணீரில் குளிரும் எஞ்சின். ரிவர்ஸ் உண்டு. எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்து நூறு கிலோ அளவு.

இதன் முன்பகுதியை அப்படியே பின்னால் கொண்டுபோவதுதான் வழி. திசையை மாற்றக்கூடாது; காரில் முன்னோக்கி இருந்த முகம் பக்கியிலும் முன்னோக்கியே இருக்க வேண்டும். இடம் பற்றவில்லை என்று அரை வட்டம் திருப்பி வைத்தால் நாலு ரிவர்ஸும் ஒரு முன் கியருமாகத்தான் வண்டி ஓடும். சிரிக்க வேண்டாம், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டியரிங் ராடு பிடிக்கிற கைகளைச் சட்டத்தோடு கட்டிவிட வேண்டும்; அதுவும் பழைய ராடின் நீளத்திலேயே, பழைய ஸ்டியரிங் ரேக் இருந்த உயரத்திலேயே. ஏதோ ஒரு இடத்தில் கட்டினால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் பின் சக்கரம் தானாகத் திரும்பும், வால் ஆடும். குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் ராடைச் சாதாரணக் கம்பி என்று கடையிலேயே விட்டு வராதீர்கள். கீழ்க் கையை முன்னும் பின்னும் போகாமல் பிடிப்பதே அதுதான்.

கியர் ராடு இதில் பின்னோக்கிப் போகிறது. ஓட்டுபவரோ இப்போது முன்னால் இருக்கிறார். ராடை நேராகத் திருப்பி முன்னால் கொண்டுவந்தால் ஒன்றாம் கியர் இருக்கும் இடத்தில் இரண்டு வரும். பழகினால் போகப் போகச் சரியாகும் என்று விடுவது ஆபத்து, வேறு யாராவது ஓட்டும்போது அவசரத்தில் தவறான கியர் விழும். நடுவில் ஒரு திருப்பு லீவர் வைத்து வரிசையைச் சரிசெய்ய வேண்டும். கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டையும் மூன்று மீட்டர் நீளத்துக்குச் சொல்லிச் செய்யுங்கள். ஆக்சில் தண்டு இரண்டும் வண்டி நிற்கும்போது ஏறக்குறைய மட்டமாக இருக்கும்படி எஞ்சின் உயரத்தை வையுங்கள். தரை இடைவெளிக்காக எஞ்சினைத் தூக்கி வைத்து, ஜாயின்ட் சாய்ந்தே ஓடினால் சீக்கிரம் போகும். அறுத்த நெல்தாள் கட்டை, ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையைக் கிழிக்கும். ஒரு சின்னக் கிழிசல் வழியே சேறு போனால் கிரீஸ் அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும், பத்து நாளில் டக் டக் சத்தம். அந்த உறைக்கு முன்னால் பழைய லாரி டியூபை வெட்டி மறைப்புத் தொங்கவிடலாம்.

ரேடியேட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் நல்ல எஞ்சின்கள் அதிகம் சாகின்றன. முன்னால் வைத்தால் நீண்ட குழாய், எதிரே வரும் சேறு, வைக்கோல் தூசி. பின்னால் கூண்டின் மேற்பகுதியில், கொசுவலைத் தகடு போட்டு, விசிறியோடு நிறுத்துவது நல்லது. எங்கே வைத்தாலும் ரேடியேட்டர் மூடிதான் மொத்தத் தண்ணீர்ப் பாதையிலும் உயரமான புள்ளியாக இருக்க வேண்டும். குழாய் அதற்கு மேலே ஏறி இறங்கினால் அந்த வளைவில் காற்று தங்கும்; மீட்டர் முள் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட் கேஸ்கட் போய்விடும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் போர் தண்ணீரில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் அலுமினிய ஹெட் உள்ளிருந்தே அரித்துப்போகும். கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அந்தப் பக்கம் ஓடும் வண்டியை உப்பளத்து மண் ஒட்டியபடி இரவு முழுதும் நிறுத்தவும் கூடாது.

கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ மாருதியானால் சாவி, இசியூ, இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு) மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டர் எஞ்சினே நிம்மதி. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் அது ஊற வைத்து உரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். பக்கி மாதத்தில் நாலு நாள்தான் ஓடும். நிறுத்தும்போது கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள், ரப்பர் குழாயை இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான தரத்தில் மாற்றுங்கள்.

டீசலைப் பற்றிச் சுருக்கமாக. டெல்டாவில் எல்லார் கண்ணிலும் படுவது பில்டர் பாயிண்டில் (குழாய் இறக்கிய பாசனக் கிணற்றில்) நிற்கும் 5 எச்பி எஞ்சின். அதை வண்டியில் ஏற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். 1500 சுற்றுக்கு மேல் போகாது. எடை மட்டும் இரண்டு ஆள். பவர் டில்லர் எஞ்சினும் நூறு கிலோவுக்கு மேல், பெல்ட் இழுவை, நனைந்தால் நழுவும். சரக்கு ஆட்டோவின் 400 சிசி டீசல் இழுக்கும், ரிவர்ஸும் உண்டு; ஆனால் ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் வெல்டிங் விடும், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைக்க வேண்டும். டாடா ஏஸின் 702 சிசி, 16 எச்பி, இரட்டைச் சிலிண்டர் நல்ல எஞ்சின். அதை நீள ஷாப்டோடும் பின் ஆக்சிலோடும் வைத்துக் கட்டினால் அது பக்கி இல்லை, இன்னொரு குட்டி யானைதான்.

பம்புசெட்டுக்கு வரும் சின்ன பெட்ரோல் எஞ்சின்களைப் பெல்ட் சிவிடியோடு (தானாக ரேஷியோ மாறும் கியரோடு) போடுவது கல்லூரிப் போட்டிகளைப் பார்த்து வந்த பழக்கம். 2007 முதல் நடக்கும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டியின் பெட்ரோல் வண்டிப் பிரிவில் பல ஆண்டுகளாக எல்லாருக்கும் ஒரே 10 எச்பி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்தான். எஞ்சினில் யாரும் கை வைக்கக்கூடாது, மீதியில் திறமையைக் காட்ட வேண்டும் என்பது விதி. விதிக்காகத் தேர்ந்தெடுத்ததை நாம் சிறந்ததென்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த வகைகளில் ஆயில் பம்ப் இருக்காது, உள்ளே ஒரு கரண்டி ஆயிலை வாரி இறைக்கும். 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தபடி தொடர்ந்து ஓடினால் கரண்டிக்கு ஆயில் எட்டாது. மேலே கணக்குப் போட்ட கரையின் சாய்வு 18 டிகிரி.

பழைய எஞ்சின் வாங்கும்போது ஓடவிட்டுச் சத்தம் கேட்டால் போதாது. கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கியிருப்பார்கள். கம்ப்ரஷன் கேஜ் கொண்டுபோங்கள். எஞ்சின் சூடான பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் கொடுங்கள். மாருதியில் 170 பிஎஸ்ஐ பக்கம் வந்தால் நல்லது, 150க்குக் கீழே என்றால் பிரித்துச் சீர்செய்யும் (ஓவர்ஹால்) செலவைக் கழித்து விலை பேசுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 15க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. ஆயில் மூடியின் அடியில் டீ நுரை மாதிரி இருந்தால் தண்ணீர் கலக்கிறது, விலை பேசாமல் திரும்பிவிடலாம். டைமிங் பெல்ட் எப்படி இருந்தாலும் புதிது மாற்றுங்கள். அதன் வயது விற்பவருக்கே தெரியாது.

தண்ணீர் விஷயம் ஒன்றே ஒன்று. காற்று வடிகட்டியை மட்டும் உயரத்தில் தூக்கிவிட்டு, கியர் பெட்டியின் மூச்சுக்குழாயை மறந்துவிடுகிறார்கள். சூடான பெட்டி வாய்க்கால் தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயைச் சீட்டு உயரத்துக்குக் கொண்டுபோனால் தீர்ந்தது. எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஓட்டுபவர் கையெட்டும் இடத்தில் ஒன்றும், வெளியே நிற்பவர் எட்டும் இடத்தில் ஒன்றும் இருக்கட்டும்.

சட்டம் பற்றியும் இந்தச் செய்திகளில் ஒரு வரி இருப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 39ஆம் பிரிவின்படி பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. காயலான் கடைப் பாகங்களில் கட்டிய வட இந்திய ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. வாய்க்கால் கரைச் சாலையும் கொள்ளிடத்து மணலும் பொது இடங்கள்தாம். வேலி போட்ட சொந்தத் தோப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் கழற்றிய பழைய காரின் ஆர்சியும் சும்மா கிடக்கக்கூடாது. ஓடவே முடியாதபடி ஆகிவிட்ட வண்டியை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்கச் சொல்கிறது 55ஆம் பிரிவு. வாங்கும் எஞ்சினின் எண்ணை அந்த ஆர்சி நகலோடு ஒத்துப்பார்த்து, ரசீதில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். எண் சுரண்டப்பட்ட எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஒரு வண்டியைப் படம் எடுக்கப் போகும்போது, முதல் கியரின் ரேஷியோ என்ன, ரிவர்ஸ் உண்டா, எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அதன் ஆர்சி எங்கே என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலில் உள்ள வாசகர்கள் சிலர்,
மன்னார்குடி.